பள்ளத்து வழியே இறங்கிய வாடை: ஒரு முட்டைக்கோழிப் பண்ணை மீதான காற்றுமாசுப் புகார் தீர்ந்த விதம்

நாமக்கல் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், காவிரியிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஓர் ஊராட்சியில், பெரிய முட்டைக்கோழிப் பண்ணை ஒன்றுக்கும் அதற்குக் கிழக்கே பள்ளத்தை ஒட்டி இருக்கும் காலனிக்கும் இடையே 2021 கோடையில் எழுந்த தகராறு 2023 தொடக்கத்தில் எழுத்துப்பூர்வமான உடன்பாட்டில் முடிந்தது. அதில் காலனித் தரப்பு வழக்கறிஞராக நான் இருந்தேன். இரு தரப்பாரும் இன்றும் ஒரே பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள் என்பதால் ஊரின் பெயரையும் பண்ணையின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. இதே போன்ற மனுக்கள் பல்லடம், பெருந்துறை, ராசிபுரம் எனக் கொங்குப் பகுதியின் பல இடங்களில் எழுந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைக் கையாளும் வழக்கறிஞர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் பண்ணையாளர்களுக்கும் இந்தக் குறிப்புகள் பயன்படலாம் என்று நம்புகிறேன்.

இந்தத் தகராறு நடந்த காலத்தில் எனக்கு உறுதியான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காற்று பற்றிய புகாரை அபராதம் தீர்ப்பதில்லை. கொட்டகைக்கு அடியில் கிடக்கும் எச்சம் ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்பதைப் புகார் கொடுத்தவரே கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய ஏற்பாடும், அதற்கு ஒரு கெடு நாளும் இருந்தால்தான் அது தீர்கிறது.

பண்ணையும் காலனியும்

பண்ணையில் ஏறத்தாழ ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கோழிகள் இருந்தன. நாமக்கல் வட்டாரத்தில் வழக்கமாகக் காண்பது போலவே உயர்த்திக் கட்டிய கூண்டுக் கொட்டகைகள். எச்சம் கூண்டுக்கு அடியில் விழுந்து மாதக்கணக்கில் குவியும். ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் ஈர எச்சம் இடும். அப்படியானால் இந்தப் பண்ணையில் ஒரு நாளைக்கு 14 டன். புதிதாக விழும் எச்சத்தில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர்தான். நன்றாகக் காய்ந்தால் அது மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் விலைபோகும் எரு. ஈரம் தங்கினால் அதுவே ஊரைக் குடியிருக்க விடாத ஒன்றாக மாறுகிறது.

காலனியில் இருந்தவை அறுபதுக்குச் சற்று மேற்பட்ட வீடுகள். பண்ணையின் கீழ்வேலிக்கும் முதல் வீட்டுக்கும் இடையே முந்நூறு மீட்டர்கூட இல்லை. பண்ணை வருவதற்கு முன்பே காலனி அங்கே இருந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: "எங்க பண்ணைக்குப் பக்கத்துல வந்து வீடு கட்டிக்கிட்டு நாத்தம்ங்கறாங்க" என்ற வாதம் இத்தகைய வழக்குகள் எல்லாவற்றிலும் வரும், வீட்டுவரி ரசீதுகளையும் பழைய வாக்காளர் பட்டியலையும் முதல் நாளே எடுத்து வைத்துக்கொண்டால் அந்த வாதம் அங்கேயே நின்றுவிடும்.

இன்னொரு சிக்கல் எழுத்தில் வராதது. காலனியில் பாதி வீடுகளிலிருந்து யாராவது ஒருவர் அந்தப் பண்ணையில் தீவனம் போடவோ முட்டை பொறுக்கவோ போய்க்கொண்டிருந்தார். மனுவில் கையெழுத்துப் போட்டால் மறுநாள் வேலை இருக்குமா என்ற அச்சம் நியாயமானதாகவே இருந்தது. முதல் மனுவில் கையெழுத்திட்டவர்கள் பதினொரு பேர் மட்டுமே; அவர்களில் பண்ணையில் வேலை செய்தவர் ஒருவர்கூட இல்லை. அதை வைத்துக்கொண்டே, ஊரில் பெரும்பாலானோருக்குப் புகாரே இல்லை என்று பண்ணைத் தரப்பு ஓராண்டு வாதாடியது. கையெழுத்தின் எண்ணிக்கையைப் புகாரின் எடையாக எடுத்துக்கொள்ளும் அதிகாரிகள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

அளவுக்குள் இருக்கிறது என்ற அறிக்கை

காலனி மக்கள் முதலில் ஊராட்சிக்கும், பிறகு ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கும் போனார்கள். மனு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பப்பட்டது. ஆடி மாதத்தில் ஒரு நாள் அலுவலர்கள் கருவியோடு வந்து, பகலில் காற்றை எடுத்து அளந்து சென்றார்கள். அம்மோனியா அளவுக்குள் இருக்கிறது என்று அறிக்கை வந்தது. பண்ணை உரிமையாளர் அதன் நகலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலக அறையில் மாட்டியிருந்ததை நானே பார்த்தேன்.

அந்த அறிக்கையில் பொய் எதுவும் இருந்ததாக நான் கருதவில்லை. ஆனால் அது கேட்ட கேள்வி வேறு, காலனி கேட்ட கேள்வி வேறு. 2009 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகளின்படி அம்மோனியா 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டரில் 400 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது. இது பத்து லட்சத்தில் ஏறத்தாழ 0.6 பங்குக்குச் சமம். கோழிக் கொட்டகைக்கு உள்ளேயோ பத்து லட்சத்தில் 25 பங்கு வரை பொறுக்கலாம் என்று வளர்ப்பு முறை நூல்கள் சொல்கின்றன. கொட்டகைக்கு வெளியே முந்நூறு மீட்டர் வருவதற்குள், அதுவும் காற்று அடிக்கும் பகலில், அம்மோனியா கலைந்து மிகக் குறைந்துவிடும். எனவே அளவுக்குள் வந்ததில் வியப்பில்லை.

மூக்கில் ஏறும் வாடையோ அம்மோனியாவால் மட்டும் வருவதன்று. எச்சம் காற்றுப் புகாமல் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு, கொழுப்பு அமிலங்கள், இந்தோல், ஸ்கேட்டோல் முதலிய பல சேர்மங்கள் வெளிவருகின்றன. அவற்றில் சில, கருவி பிடிக்க முடியாத அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஈயைப் பற்றிக் காற்றுத் தர அளவுகளில் ஒரு சொல்லும் இல்லை. காலனியின் மனுவிலோ முதல் வரியே ஈதான்.

நேரமும் காலமும் அடுத்த செய்தி. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வரும் மேல்காற்று கொங்குப் பகுதி முழுவதும் அடித்துத் தள்ளும். அந்த மாதங்களில் வாடை காலனியை நோக்கித்தான் வரும். ஆனால் வந்த வேகத்தில் கலைந்தும் போகும். மார்கழி, தையில் காற்று அடங்கிய இரவுகளில் நிலைமை வேறு. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, மேலே உள்ள வெப்பமான காற்றோடு கலக்காமல் தேங்கிவிடும். பண்ணை மேட்டில் இருந்தது, காலனி பள்ளத்தில். கொட்டகைக்கு அடியிலிருந்து கிளம்பிய காற்று, மழைக்குத் தண்ணீர் போகும் அதே பள்ளத்து வழியே மெல்ல இறங்கி, வீடுகளுக்கு நடுவே விடியும் வரை நின்றது. ஆடிப் பகலில் எடுத்த அளவு மார்கழி இரவைப் பற்றி எதுவும் சொல்லாது.

இதை நாங்கள் கண்டுகொண்டது எந்த நிபுணராலும் அன்று. காலனியின் மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதும் அம்மாள் ஒருவர், வீட்டுத் தினசரி நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் ஒவ்வொரு நாளும் வாடை வந்த நேரத்தைக் குறித்து வைத்திருந்தார். நான் கேட்டுக்கொண்ட பிறகு வாடையின் வகையையும் சேர்த்தார்: "மூத்திர நெடி", "புளிச்ச வாடை", "செத்த வாடை" என்று மூன்று பெயர்கள். எட்டு மாதத் தாள்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோது ஒழுங்கு தெரிந்தது. மூத்திர நெடி இரவு ஏழு முதல் பத்து வரையிலும் விடியற்காலையிலும் வந்தது, அதுவே அம்மோனியா. புளித்த வாடை, சித்திரையில் கொட்டகையில் தண்ணீர் தெளிக்கும் வாரங்களிலும் ஐப்பசி மழை நாட்களிலும் வந்தது. அது ஈர எச்சம் அழுகுவது. செத்த வாடை எல்லாக் காலத்திலும் விட்டுவிட்டு வந்தது. செத்த கோழிகளைப் போடும் குழியின் மூடி திறந்து கிடந்த நாட்கள் அவை என்று பின்னர் உறுதியானது. வழக்கில் எங்களிடம் இருந்த வலுவான சான்று அந்தத் தாள்கள்தான். ஒரு தாளின் ஓரத்தில், "இன்று பாப்பாவுக்குச் சோறூட்ட முடியவில்லை, கொசுவலைக்குள் வைத்து ஊட்டினேன்" என்று எழுதியிருந்தார்.

மூன்று பெயர்கள், ஒரே வேலி

2022-ல் இரண்டு வழிகளில் மனுச் செய்தோம். ஒன்று, பொதுத் தொல்லையை நீக்கக் கோரி வருவாய்க் கோட்டாட்சியரிடம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவின் கீழ் கொடுத்தது. (2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 152-ஆம் பிரிவு.) ரத்லாம் நகராட்சி வழக்கில் 1980-ல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவுக்குக் கொடுத்த வலுவை இளம் வழக்கறிஞர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள், செலவு குறைவு, ஊருக்கு அருகிலேயே நடக்கும். மற்றொன்று, 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டப்படி இசைவாணை (தொழில் நடத்த வாரியம் தரும் அனுமதி) பெறாமல் பண்ணை இயங்குகிறது என்று வாரியத்திடம் கொடுத்த மனு.

இசைவாணை பற்றிய வாதம் சற்று நுணுக்கமானது. 2015-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட நெறிமுறைகள் ஒரு லட்சத்துக்குக் குறைவான கோழிகள் உள்ள பண்ணைகளுக்கு விலக்கு அளித்தன. விலங்குநல ஆர்வலர் கௌரி மௌலேகி தொடர்ந்த வழக்கில், 2020 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த விலக்கை மறுபரிசீலனை செய்யுமாறு உத்தரவிட்டது. அதன்பின் வந்த திருத்திய நெறிமுறைகள் வரம்பை வெகுவாகக் குறைத்து, ஒரே இடத்தில் 25,000 கோழிகளும் அதற்கு மேலும் உள்ள பண்ணைகளை இசைவாணைக்குள் கொண்டுவந்தன. புதிய பண்ணைகள் குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பதையும் அவை கூறுகின்றன. நம் பண்ணை காகிதத்தில் ஒன்று இல்லை, மூன்று: உரிமையாளர் பெயரில் ஒன்று, மகன் பெயரில் ஒன்று, மருமகள் பெயரில் ஒன்று, ஒவ்வொன்றும் பழைய வரம்பான லட்சத்துக்குக் கீழ். ஆனால் வேலி ஒன்று, தீவனம் அரைக்கும் இயந்திரம் ஒன்று, எரு ஏற்றும் களம் ஒன்று, செத்த கோழிக் குழியும் ஒன்று. "ஒரே இடத்தில்" என்ற சொல்லுக்கு வேறு என்ன பொருள் என்று கேட்டோம். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பண்ணைத் தரப்பு பேச்சுக்கு வந்தது.

நன்கொடையும் நொய்யலும்

பேச்சு தொடங்கியதும் முதலில் வந்தது பணம். காலனி மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகச் செலவையும், குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்றையும் ஏற்றுக்கொள்வதாகப் பண்ணைத் தரப்பு சொன்னது. நல்லெண்ணத்தோடு சொன்னார்கள் என்றே இன்றும் நினைக்கிறேன். இந்தப் பக்கத்தில் வசதி உள்ளவர் கோயிலுக்குச் செய்வது வழக்கம். காலனியில் பாதிப் பேருக்கு இது போதும் என்று தோன்றியது. கூட்டம் இரண்டாகப் பிரியும் நிலை வந்தபோது, நாள்காட்டித் தாள் எழுதிய அம்மாள் எழுந்து, "ஏனுங்க, கோயிலுக்கு நாங்களே வரி போட்டுக்கறமுங்க. சாயங்காலம் வாசல்ல ஒக்காந்து நாலு வாய் சோறு நிம்மதியா உங்கோணும், அத மட்டும் செஞ்சு குடுங்க" என்றார். கோயில் பேச்சு அதோடு நின்றது.

பண்ணை உரிமையாளருக்கும் ஓர் அச்சம் இருந்தது. அதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை அவர் பல முறை நினைவூட்டினார். வங்கிக் கடனும் தீவனக்கடைப் பாக்கியும் கழுத்தளவு இருக்கும்போது ஒரு மாதம் மூடினாலும் எழ முடியாது என்றார். கோழியை விசைத்தறி போல நிறுத்திவைக்க முடியாது என்பதும் உண்மை. நாங்களோ அந்தச் சாயத்தண்ணீர் கலந்த நொய்யல் ஆற்றை வேறு விதமாக நினைத்துக்கொண்டிருந்தோம்: ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கிக் கீழே இருந்த தோட்டங்கள் கெட்ட பிறகு கொடுத்த இழப்பீடு, அந்த மண்ணைத் திருப்பித் தரவில்லை. ஒரே ஆற்றிலிருந்து இரு தரப்பும் எடுத்துக்கொண்ட அச்சங்கள் வேறு வேறு. பண்ணையை மூடக் கோரமாட்டோம் என்று நாங்களும், பணம் பேசமாட்டோம் என்று அவர்களும் ஒப்புக்கொண்டபின் பேச்சு எச்சத்தைப் பற்றியதாக மாறியது.

அமெரிக்காவில் செய்துகொண்ட ஒப்பந்தம்

பண்ணைத் தரப்பு வழக்கறிஞர் நன்கு படித்து வந்திருந்தார். அறிவியல் முறைப்படி ஓராண்டு அளந்து பார்ப்போம், அதுவரை எல்லா மனுக்களும் நிற்கட்டும் என்ற யோசனையை அவர் முன்வைத்தார். அமெரிக்காவில் இப்படித்தான் தீர்த்தார்கள் என்றார். அந்த முன்மாதிரியை நான் தேடிப் படித்தேன். அதைப் படித்ததனால்தான் யோசனையை மறுத்தேன்.

2005 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கோழி, பன்றி, பால் பண்ணைகளுடன் ஓர் உடன்பாட்டை அறிவித்தது. சேரும் பண்ணைகள் அளவுக்கேற்ப 200 டாலரிலிருந்து ஒரு லட்சம் டாலர் வரை அபராதம் கட்ட வேண்டும். காற்றை அளக்கும் ஆய்வு நிதிக்குப் பண்ணைக்கு 2,500 டாலர் வரை கொடுக்க வேண்டும். பதிலுக்கு, ஆய்வு முடிந்து உமிழ்வைக் கணக்கிடும் முறை வெளிவரும் வரை, தூய காற்றுச் சட்டம் முதலியவற்றின் கீழ் அந்தப் பண்ணைகள் மீது முகமை வழக்குத் தொடராது. ஏறத்தாழ 14,000 பண்ணைகள் இதில் அடங்கின. கலிபோர்னியாவின் அசோசியேஷன் ஆஃப் இரிட்டேட்டட் ரெசிடெண்ட்ஸ் உள்ளிட்ட அமைப்புகள் இதை எதிர்த்து நீதிமன்றம் சென்றபோது, வழக்குத் தொடர்வதும் விடுவதும் முகமையின் விருப்புரிமை, அதில் தலையிட இயலாது என்று வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-ல் கூறிவிட்டது. பர்டூ பல்கலைக்கழகத்தின் தலைமையில் 2007 முதல் 2010 வரை அளந்தார்கள். கணக்கிடும் முறையோ வெளிவரவில்லை. 2017-ல் முகமையின் தலைமை ஆய்வாளரே, இத்தனை ஆண்டுகளாகியும் வேலை முடியவில்லை என்று அறிக்கை எழுதினார். பன்னிரண்டு ஆண்டுகள் என்பது, பண்ணைக்குக் கீழே பிறந்த குழந்தை நடுநிலைப் பள்ளி முடிக்கும் காலம்.

அதே நாட்டில் வேறொரு வகைத் தீர்வும் நடந்திருக்கிறது. ஒஹையோ மாநிலத்தின் பக்கை என்ற பெரிய முட்டைப் பண்ணை 2004-ல் மத்திய அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டில் 8,80,598 டாலர் அபராதம் கட்டியது. அதைவிட முக்கியமாக, தூசியையும் அம்மோனியாவையும் குறைக்கும் கட்டுமானத்தை நிறுவிச் சோதிக்க 16 லட்சம் டாலருக்கு மேல் செலவழிக்க ஒப்புக்கொண்டது. அபராதத்தின் இரு மடங்குக்கு அருகில், பண்ணைக்குள்ளேயே செலவு. இந்த இரண்டையும் ஒரு பக்கத்தில் எழுதி எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் கொடுத்தேன். அளப்பதை நாங்கள் மறுக்கவில்லை. வேலை நடந்துகொண்டே அளக்கட்டும், அளப்பதற்காக வேலை காத்திருக்க வேண்டாம் என்றேன். அவர் அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

எச்சத்துக்கு அடியில்

இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர், காலனியிலிருந்து இருவரையும் பண்ணையிலிருந்து இருவரையும் அழைத்துக்கொண்டு கொட்டகைகளுக்கு அடியில் நடந்தார். நானும் உடன் சென்றேன். மூன்றாவது கொட்டகையில் அவர் நின்று, காய்ந்த இடத்திலிருந்து ஒரு பிடி எடுத்து விரலிடையே விட்டார். பொலபொலவென உதிர்ந்தது, வாடை ஏதுமில்லை. நாலடி தள்ளி இன்னொரு பிடி எடுத்தார். களி போல ஒட்டியது, அதற்குள் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. அண்ணாந்து பார்த்தோம். நேர் மேலே ஒரு தண்ணீர் நிப்பிள், அதாவது கோழி கொத்திக் குடிக்கும் சிறு குழாய்முனை, சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வரிசையில் மட்டும் பதினேழு நிப்பிள்கள் சொட்டின. காலனியிலிருந்து வந்த இளைஞர் எண்ணினார்.

வேதியியல் எளிதானது. கோழி எச்சத்தின் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். ஈரமும் வெப்பமும் கிடைத்தால் நுண்ணுயிர்கள் அதை யூரியாவாகவும் பின் அம்மோனியாவாகவும் மாற்றும். ஈரம் போனால் அந்த வேலை ஏறக்குறைய நின்றுவிடும். ஈப் புழுவுக்கும் அதே ஈரம்தான் வேண்டும். நம் கோடையில் முட்டையிலிருந்து ஈயாக ஏழு முதல் பத்து நாட்களே போதும். புழு மருந்தை மட்டும் நம்பிய பண்ணைகள் ஏன் தோற்கின்றன என்பதையும் மருத்துவர் விளக்கினார்: காய்ந்த எச்சத்தில் ஈயின் முட்டையையும் புழுவையும் தின்னும் வண்டுகளும் சிற்றுண்ணிகளும் வாழ்கின்றன, கண்டபடி மருந்தடித்தால் அவை முதலில் சாகும், ஈ மருந்துக்குப் பழகிவிடும். எரு அள்ளும்போது தரை தெரியச் சுரண்டாமல் நாலு விரற்கடை காய்ந்த எரு விட்டுவைத்தால் அந்த உயிர்கள் தப்பி, அடுத்த குவியலைக் காக்கும். பண்ணை மேலாளர் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். இதை முதன்முறையாகக் கேட்பதாக ஒளிக்காமல் சொன்னார்.

உடன்பாட்டின் பிரிவுகள் அந்த ஒரு நடையிலிருந்து பிறந்தவை. சொட்டும் நிப்பிள்களை வாரம் இருமுறை பார்த்து அன்றே மாற்றுவது. கோடையில் நீர் தெளிப்பதைக் கூண்டின் மேல் ஈரம் வழியாத அளவில், விட்டுவிட்டுச் செய்வது. கொட்டகையைச் சுற்றி மழைநீர் உள்ளே புகாதபடி வாய்க்கால் வெட்டுவது. ஈரமான இடங்களில் சுண்ணாம்பும் தென்னை நார்த்தூளும் போட்டுக் கிளறிவிடுவது. தீவனத்தில் புரதத்தைச் சற்றுக் குறைத்து, மெத்தியோனின், லைசின் ஆகிய அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்த்து ஈடுசெய்ய உரிமையாளர் தாமே முன்வந்தார். புரதத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தால் எச்சத்தில் போகும் நைட்ரஜன் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும் என்பதால் அவருக்கு அதில் தீவனச் செலவு லாபமும் தெரிந்தது.

களத்தில் திறந்து கிடந்த எருவைத் தென்னை நார்த்தூளோடு அடுக்கி மக்கச் செய்வதே பெரிய வேலை. கோழி எச்சத்தில் நைட்ரஜன் மிகுதி. அதைத் தனியாகக் குவித்தால் அம்மோனியாவாகப் பறக்கும். கரிமம் மிகுந்த நார்த்தூள் அதைப் பிடித்து வைக்கிறது. குவியலின் ஈரம் புட்டு மாவுப் பதத்தில் இருக்க வேண்டும்: பிடித்தால் உருண்டையாகி, விரலால் அழுத்தினால் உடைய வேண்டும். இந்தப் பதத்தை உடன்பாட்டிலேயே இதே சொற்களில் எழுதினோம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஈரப்பத விழுக்காடு வேண்டும் என்றார். அதையும் பக்கத்தில் எழுதினோம். ஆனால் களத்தில் சர்ச்சை வந்த இரு முறையும் தீர்த்துவைத்தது விழுக்காடு இல்லை, புட்டு மாவுதான்.

செத்த கோழிக் குழிக்குச் சிமெண்ட் மூடியும் பூட்டும் போட்டார்கள். எரு லாரி தார்ப்பாய் போட்டு மூடி, காலை ஒன்பதுக்கும் மாலை நாலுக்கும் இடையே மட்டும், காலனித் தெருவைத் தவிர்த்துப் போக வேண்டும் என்று எழுதினோம். மனுவில் கையெழுத்திட்டதற்காகவோ சாட்சி சொன்னதற்காகவோ எவரையும் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்ற பிரிவை நான் வற்புறுத்திச் சேர்த்தேன். ஏப்ரலில் அதற்குப் பயன் வந்தது. நிறுத்தப்பட்ட ஒருவர் நான்கு நாளில் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்.

அஞ்சலட்டை

ஈயை அளப்பது எப்படி என்பதுதான் கடைசி வரை இழுத்தது. மருத்துவர் சொன்ன வழி மிக எளியது, பல நாடுகளில் நெடுங்காலமாகப் பயன்படுவது. அஞ்சலட்டை அளவுள்ள வெள்ளை அட்டைகளைக் குறித்த இடங்களில் தொங்கவிட வேண்டும். ஈ உட்காரும் இடத்தில் சிறு புள்ளி விழும். ஒரு வாரம் கழித்து எடுத்துப் புள்ளிகளை எண்ண வேண்டும். ஓர் அட்டையில் 50-க்கு மேல் இருந்தால் ஈ பெருகுகிறது, உடனே எச்சத்தைப் பார்க்க வேண்டும் என்று பொருள். கொட்டகைகளில் ஆறும், காலனியில் நான்கும் தொங்கவிடப்பட்டன. காலனியின் நான்கில் ஒன்று பள்ளிச் சத்துணவுக்கூடத்தில். திங்கட்கிழமை தோறும் இரு தரப்பிலும் ஒவ்வொருவர் சேர்ந்து எண்ணி, அட்டையின் பின்னால் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

வடிவம் பற்றி ஒரு சொல். ஊரும் பண்ணையும் தமக்குள் பேசி முடித்ததால் சட்டப்படி வாரியத்துக்கு உள்ள கடமை தீர்ந்துவிடாது. பொதுமக்களின் காற்றுக்கு இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு விலக்கு வாங்க முடியாது. எனவே வேலைகளைப் பற்றிய பிரிவுகள் மூன்று பண்ணைகளையும் ஒன்றாகக் கருதி வாரியம் வழங்கிய இசைவாணையின் நிபந்தனைகளாகச் சேர்க்கப்பட்டன. லாரி நேரம், வேலைப் பாதுகாப்பு, அட்டை எண்ணுவது ஆகியவை வட்டச் சட்டப் பணிகள் குழுவின் மக்கள் நீதிமன்றத்தில் தீர்வாகப் பதிவாயின. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு ஒப்பானது, மேல்முறையீடும் இல்லை. கோட்டாட்சியரிடம் இருந்த மனுவை மட்டும் ஆறு மாதம் முடிக்காமல் நிலுவையில் வைக்கக் கேட்டுக்கொண்டோம். உடன்பாட்டின் பல் அதுவே என்பது என் கருத்து.

பிறகு நடந்தது எல்லாம் சீராக இல்லை. வேலியோரம் நட்ட வேப்பங்கன்றுகளும் புங்கன் கன்றுகளும் முதல் கோடையில் பாதிக்கு மேல் காய்ந்தன. தண்ணீர் ஊற்றுவது யார் என்று எழுதாமல் விட்டது என் பிழை. லாரி நேரம் மூன்று முறை மீறப்பட்டது. அடுத்த மார்கழியில் வாடை மறுபடி பள்ளத்து வழியே வந்தது; முன்னைப்போல விடியும் வரை நிற்கவில்லை என்று தாள்கள் சொன்னாலும், வந்தது வந்ததுதான். முந்நூறு மீட்டர் தொலைவை எந்தப் பிரிவாலும் ஐந்நூறாக்க முடியாது. கீழ்வேலியை ஒட்டிய இரண்டு கொட்டகைகளை, அவற்றில் உள்ள கோழிகளின் முட்டைக் காலம் முடிந்ததும் மேற்குப் பக்கம் மாற்ற வேண்டும் என்று அப்போதுதான் கேட்டோம். ஒன்று மாறியது. மற்றொன்றுக்குப் பேச்சு நடக்கிறது.

ஈ குறைந்தது ஐயத்துக்கு இடமில்லாதது. உடன்பாட்டின் முதல் வாரத்தில் சத்துணவுக்கூடத்து அட்டையில் புள்ளிகளை எண்ணி முடிக்க முடியாமல், நூறுக்கு மேல் என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டார்கள். கோட்டாட்சியரிடம் மனுவை முடித்துக்கொள்ளப் போன நாளில் அந்த அம்மாள் பையிலிருந்து அதே இடத்தில் தொங்கிய கடைசி அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தார். அதில் ஒன்பது புள்ளிகள் இருந்தன. கோட்டாட்சியர் தாமும் ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, அட்டையைக் கோப்பில் சேர்க்கச் சொன்னார்.